கமருன்னிஸாவின் வலது முழங்கால்

உலக மருத்துவ வரலாற்றில் அதிராம்பட்டினத்துக்கு ஓர் இடம் கிடைக்குமானால், அது என் மனைவி கமருன்னிஸாவின் வலது முழங்காலால்தான் கிடைக்கும். ஒரு மாத்திரைகூட இல்லாமல், ஓர் ஊசிகூட இல்லாமல் அந்த முழங்காலைக் குணப்படுத்தும் மாபெரும் திட்டத்தை வகுத்து, நடத்தி, மேற்பார்வையிட்டவன் என்ற முறையில் இதை அடக்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

என் பெயர் அல்லா பிச்சை. தம்மாமில் ஒரு கம்பெனியில் கேம்ப் சூப்பர்வைசராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். சவுதிப் பணத்தில் மாடி வீடு கட்டினேன். சமையலறை கீழே. படுக்கையறையும் ஏசியும் என்னுடைய சாய்வு நாற்காலியும் மேலே. நடுவில் வழவழப்பான மார்பிள் படிகள். அந்தப் படிகளைப் பாராட்டாத ஆள் ஊரில் இல்லை. அவற்றில் அதிகம் ஏறி இறங்கிய கமருன்னிஸா மட்டும் ஒருநாளும் பாராட்டியதில்லை.

2006ஆம் ஆண்டு அவளுடைய முழங்கால் வீங்கியது. தஞ்சாவூருக்கு அழைத்துப்போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் டாக்டர்.

"மூட்டுத் தேய்மானம். இப்போதைக்கு மாத்திரையும் வேணாம், ஆபரேஷனும் வேணாம். உடற்பயிற்சி செய்யணும், எடையைக் குறைக்கணும், சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கணும். தரையில உக்காராதீங்க, தொழுகையை நாற்காலியில வச்சுக்குங்க. படி ஏறுறதைக் குறைங்க."

"குறைச்சுடலாம் டாக்டர்" என்று அவள் சார்பில் நானே வாக்குக் கொடுத்தேன்.

அன்றே 'முழங்கால் நலக் கமிட்டி' உதயமாயிற்று. தலைவர் நான். ஷார்ஜாவில் இருக்கும் மூத்தவன் ஜாபிரும், சிங்கப்பூரில் இருக்கும் இளையவன் ஃபாஜிலும் உறுப்பினர்கள். வெள்ளிக்கிழமைதோறும் போனில் கூட்டம். முழங்காலுக்கு உரியவளைக் கமிட்டியில் சேர்க்கவில்லை. கூட்டம் நடக்கும்போது தலைவருக்கு யாராவது டீ கொண்டுவர வேண்டுமல்லவா?

முதல் கூட்டத்திலேயே ஜாபிர் ஓர் அடிப்படைக் கேள்வியை எழுப்பினான்.

"வாப்பா, டாக்டர் உம்மாவை நடக்கச் சொன்னாரா, உக்காரச் சொன்னாரா?"

"ரெண்டையும் சொன்னார்ப்பா."

"அது எப்படி வாப்பா?"

"அதுக்குத்தான் கமிட்டி."

பணிகள் துரிதமாக நடந்தன. ஒத்தடத் திட்டம் முதலில் அமலுக்கு வந்தது. தண்ணீரைக் கொதிக்க வைப்பது சமையலறை இலாகாவைச் சேர்ந்தது என்பதால் கமருன்னிஸாவே கொதிக்கவைத்து, மேலே தூக்கிவந்து, தானே ஒத்தடம் கொடுத்துக்கொண்டாள். எடைக் குறைப்புக்காக அவளுக்கு ஓட்ஸ் கஞ்சி என்று முடிவாயிற்று. எனக்கு அந்த நோய் இல்லாததால் வழக்கம்போல் இடியாப்பமும் ஆட்டுக்கறியும். ஒரு சமையல் இரண்டு சமையலானது. சும்மா உட்கார்ந்திருந்தால் எடை எப்படிக் குறையும்?

பிறகு ஷார்ஜாவிலிருந்து உடற்பயிற்சி சைக்கிள் கார்கோவில் வந்து இறங்கியது. கீழே ஹாலில் வைத்தால் ஹாலின் அழகு கெடும். ஆகவே மொட்டைமாடி அறையில் நிறுவினோம். கமருன்னிஸா காலையில் இரண்டு மாடி ஏறிப்போய் சைக்கிள் மிதிப்பாள். நான் எதிரே அமர்ந்து மேற்பார்வையிடுவேன். மேற்பார்வை எளிதான வேலையல்ல. இடையில் தொண்டை வறண்டுவிடும். அவள் சைக்கிளை விட்டு இறங்கிக் கீழே போய் டீ போட்டு எடுத்துக்கொண்டு மேலே வந்து, மறுபடி மிதிப்பாள். இப்படி ஒரே நேரத்தில் இரண்டு பயிற்சிகள் நடைபெற்றது எங்கள் திட்டத்தின் தனிச்சிறப்பு.

செய்தி பரவியதும் உறவுக்காரர்கள் முழங்காலை 'நலம் விசாரிக்க' வந்தார்கள். நலம் விசாரிக்க வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. வலி எந்த அளவு அதிகமானதோ அந்த அளவு விருந்தாளிகளும் அதிகமானார்கள். கமருன்னிஸா அடுப்படியில் நின்றபடியே, வலி எப்படி இருக்கிறது என்று எல்லோருக்கும் பதில் சொன்னாள்.

பிசியோதெரபிஸ்ட் ஷீபா பட்டுக்கோட்டையிலிருந்து வாரம் ஒருமுறை வந்துபோனது. சின்னப் பெண்தான். காலை நீட்டி எப்படித் தூக்க வேண்டும், தொடைத் தசையை எப்படி இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும். குறை என்னவென்றால், தேவையில்லாத கேள்விகள் கேட்கும்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை படி ஏறுறீங்கம்மா?"

"சும்மா ரெண்டு மூணு தடவை இருக்கும்" என்றேன் நான்.

ஷீபா என்னைப் பார்க்கவில்லை. "அம்மாவைக் கேட்டேன் சார்."

கமருன்னிஸா என்னைப் பார்த்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"கட்டிலைக் கீழே போட்டுருங்க சார். வேலைக்கு ஒரு ஆள் வச்சுக்குங்க. நான் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியைவிட அது முக்கியம்."

கோரிக்கை கமிட்டியின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. ஏசி மேலே இருப்பதாலும், வேலைக்காரி வைத்தால் டீயின் ருசி மாறிவிடும் என்பதாலும் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

ஒரு நாள் மதியம் முத்துப்பேட்டையிலிருந்து நலம் விசாரிக்க ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். மாடியில் ஏசி போட்டு உட்காரவைத்துவிட்டு, இறால் வைத்துப் பொரித்த வாடாவும் டீயும் மேலே கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தேன். வெகுநேரம் யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு பாதிப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, இங்க உக்காந்துட்டே? எல்லாரும் காத்திருக்காங்க."

"எந்திரிக்க வரலைங்க" என்றாள். "மேலயும் வர முடியலை. கீழயும் போக முடியலை."

அழுதாள். சத்தமே இல்லை. கண்ணீர் வாடாத் தட்டில் சொட்டியது. நான் முதலில் தட்டைத்தான் வாங்கினேன் என்று ஊரில் பேசிக்கொள்வது அவதூறு. அவளுடைய மடிப் பாரத்தைக் குறைக்கவே வாங்கினேன்.

மறுநாள் காலை கமருன்னிஸா பையை எடுத்துக்கொண்டு கிளம்பி நின்றாள். "நான் ஹமீதா வீட்டுக்குப் போறேன்." ஹமீதா பானு அவளுடைய தங்கை. பேராவூரணியில் தென்னந்தோப்பு நடுவே ஓட்டு வீடு. படியே கிடையாது. இதை 'இடமாற்றச் சிகிச்சை' என்று வகைப்படுத்தி, தலைவர் என்ற முறையில் அனுமதி வழங்கினேன். நான் வழங்குவதற்குள் ஆட்டோ தெருமுனையைத் தாண்டிவிட்டது.

ஒரு மாதம் கழித்து நேரில் ஆய்வு செய்யப் போனேன். தோப்பில் யாரோ ஒரு பெண் வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, என் மனைவி. கையில் கம்பு இல்லை. முழங்காலில் வீக்கம் இல்லை. முகத்தில் ஒரு தெளிவு. அது எந்தத் திட்டத்தில் வந்ததென்று எனக்கு விளங்கவில்லை.

சகலை நெய்னா முகம்மது, "வாங்க மச்சான், உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அவரே டீ போட்டு எடுத்துவந்தார். எனக்கு ஒன்று, கமருன்னிஸாவுக்கு ஒன்று. அவள் உட்கார்ந்தபடி வாங்கிக் குடித்தாள். ஓர் ஆண்மகன் இப்படித் தாழ்ந்துபோனதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

"என்ன எண்ணெய் தேய்ச்சே?" என்று கேட்டேன்.

"எண்ணெய் எதுவும் இல்லைங்க. ஷீபா சொன்ன பயிற்சி மட்டும் செய்யுறேன். காலாற நடக்குறேன். மத்த நேரம் உக்காந்திருக்கேன்."

"அதைத்தானே அங்கேயும் செஞ்சோம்?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "கட்டிலைக் கீழே போடுங்க. உங்க டீயை நீங்க போட்டுக்குங்க. ரெண்டும் ஆனதும் சொல்லுங்க, வர்றேன்."

"எனக்கு டீ போடத் தெரியாதே, கமரு."

"தம்மாம்ல இருவது வருசம் உங்களுக்கு யாருங்க போட்டுக் கொடுத்தா?"

இது கமிட்டியின் வரம்புக்கு அப்பாற்பட்ட கேள்வி. அடுத்த பஸ்ஸிலேயே ஏறினேன்.

ஆனாலும் வெற்றி வெற்றிதானே? என் திட்டத்தின் பலன் சற்றுத் தாமதமாக, பேராவூரணியில் வைத்து வெளிப்பட்டிருக்கிறது. பஸ்ஸிலிருந்தே ஷீபாவுக்குப் போன் போட்டு விவரத்தைச் சொன்னேன்.

"ரொம்பச் சந்தோஷம் சார். வலிக்குக் காரணம் எதுவோ அதை விட்டு அம்மா விலகிட்டாங்க. அதான் விஷயம்."

"காரணம் எதுன்னு கமிட்டிக்குச் சொல்லணும்மா."

"நீங்க இப்ப எங்க சார் இருக்கீங்க?"

"பட்டுக்கோட்டை தாண்டிட்டேன்."

"அப்ப அதுவும் பட்டுக்கோட்டை தாண்டிருச்சு சார்."