அப்பா சாப்பிட்ட ட்ரோன்

பயத்துக்கு வாசனை உண்டு. எனக்கு அது மிளகும் பூண்டும் வதங்கும் வாசனை.

அப்போது இன்ஜினியரிங் கடைசி வருடம். நானும் என் வகுப்புத் தோழன் அருளும் போட்டிக்காகக் காளானில் ட்ரோன் செய்தோம் (சிரிக்காதீர்கள், எங்கள் பேராசிரியரே நம்பினார்). வைக்கோலை அச்சில் அடைத்துக் காளான் விதை தூவினால், வெள்ளையாகப் படர்ந்து தெர்மோகோல் மாதிரி இறுகிவிடும். ட்ரோன் உடைந்து விழுந்தாலும் மண்ணில் மக்கிப்போகும். ஒரே நிபந்தனை, கடைசியில் நல்ல சூட்டில் வாட்டிக் காளானைச் சாகடிக்க வேண்டும். நான்தான் மேதையாயிற்றே! எங்கள் ஊர் கருவடிக்குப்பத்து வெயிலே போதும் என்று மொட்டை மாடியில் வைத்துவிட்டேன். அன்றைக்கென்று பிடித்துக்கொண்ட மழை நாலைந்து நாள் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மிளகு பூண்டு வாசனைக்கு எழுந்து வந்தால், அப்பா இட்லிக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன குழம்பும்மா?"

"உன் ட்ரோன்ல கொத்துக் கொத்தா காளான் பூத்திருந்துச்சி. வீணாப் போவுதேன்னு பறிச்சி வச்சிட்டேன்."

அது என்ன காளான் என்று எனக்குத் தெரியாது. விதை வாங்கியவன் அருள். அவன் போன் அணைந்திருந்தது. விஷக் காளானாக இருந்தால்? மில் மூடிய பிறகு வாட்ச்மேன் வேலை பார்த்து என்னைப் படிக்கவைத்த மனிதர் அப்பா. அந்தப் படிப்பே அவரைக் கொல்லப்போகிறதா?

"அப்பா, தலை சுத்துதா?"

"ஏன், சுத்தணுமா?" என்று இன்னொரு இட்லி எடுத்தார்.

தட்டைப் பிடுங்கி விஷயத்தைச் சொன்னேன். "ஐயையோ, நானும் உப்பு பாத்தேனேடி!" என்று அம்மா அலறினாள். ஆட்டோவில் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் அழுதேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன சாப்பிட்டாங்க?" என்றார்.

"ட்ரோன்." பயத்தில் வேறு வார்த்தை வரவில்லை.

அவர் அப்பாவை விட்டுவிட்டு என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

அப்போதுதான் அருள் கூப்பிட்டான். சர்ச்சில் இருந்தானாம். "சிப்பிக் காளான்டி அது. பெரிய மார்க்கெட்லயே விக்கிதே! ஆமா, ட்ரோன் காஞ்சிடுச்சா?"

ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பறித்த வேகத்தில் ட்ரோனின் ஒரு கை முறிந்திருந்தது. போட்டிக்கு நாங்கள் போகவில்லை.

கல்யாணமாகி மறுவீட்டுக்கு வந்தபோது ஆசையாகப் பாயசம் வைத்தேன். என் கணவர் டம்ளரைத் தூக்கியதும் அப்பா பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"அவசரப்படாதீங்க மாப்ள. மொதல்ல அவ குடிக்கட்டும். அரை மணி நேரம் பாப்போம்."

நான் சமைத்ததை எங்கள் குடும்பத்தில் இன்றுவரை யாரும் சூடாகச் சாப்பிட்டதில்லை.