முப்பத்திரண்டு பேருக்கு ஒரே வார்த்தை

"முப்பத்திரண்டு பேரும் எப்படிங்க ஒரே வார்த்தையை எழுதுவாங்க?" என்று தலைமை அலுவலக அதிகாரியம்மா தொலைபேசியில் கேட்டார்.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் பயிற்சிப் பொறுப்பாளர் கொஞ்சமும் அசரவில்லை. தீத்தடுப்பு வகுப்பு எப்படி இருந்தது என்று கேட்கும் படிவத்தில், முப்பத்திரண்டு தொழிலாளர்களும் 'இன்ஃபர்மேட்டிவ்' என்றே எழுதியிருந்தார்கள்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி பிடிச்சிருக்கு மேடம்."

"ஒரே ஆள் உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கு. திங்கட்கிழமைக்குள்ள ஒழுங்கா அனுப்புங்க. உங்க பதவி உயர்வு ஃபைலும் என் மேஜையிலதான் இருக்கு."

அதுதான் விஷயம். தலைமை அலுவலகப் பதவிக்காக அவர் பதினோரு வருடம் காத்திருந்தார். இந்த முறை கிடைத்த மாதிரிதான் என்று, வகுப்புக்குக் குறித்திருந்த புதன்கிழமையன்று விடுப்புப் போட்டு, தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில் வாடகை வீடும் பார்த்துவிட்டு வந்துவிட்டார். புதுப் பதவியைப் பொறித்த பெயர்ப்பலகையும் தயார். எதையும் நாளைக்கு என்று தள்ளிவைக்கத் தெரியாத மனிதர். தொழிலாளர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'முந்திரிக்கொட்டை' என்பார்கள். மனைவி நேரிலேயே சொல்வாள்.

ஸ்டோர்கீப்பரைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, உங்க யாருக்கும் வேற வார்த்தையே தெரியாதா?"

"செவ்வாய்க்கிழமை நீங்கதானே சார் போர்டுல எழுதிப்போட்டு, இதையே எழுதுங்கன்னீங்க. ஆனா சார், அந்த வகுப்பு..."

"வகுப்பை விடுப்பா. இப்ப வார்த்தைதான் பிரச்சினை."

தலையணை தடிமனுக்கு ஒரு அகராதியை எடுத்தார். ஒரே பொருள் தரும் சொற்களைப் பொறுக்கி, பிரிவு பிரிவாகப் பங்கிட்டார். வெட்டும் பிரிவுக்கு 'இன்ஸ்ட்ரக்டிவ்'. அச்சடிக்கும் பிரிவுக்கு 'எஜுகேஷனல்'. பசை ஒட்டுபவர்களுக்கு 'என்லைட்டனிங்'. 'டைடாக்டிக்' என்ற சொல்லின் ஓசை அவருக்கே மிகவும் பிடித்துப்போனதால், அதைப் பேக்கிங் அக்காவுக்கு மட்டும் தனியாகக் கொடுத்தார். புதுப் படிவங்கள் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தன.

செவ்வாய்க்கிழமை மறுபடி தொலைபேசி.

"ஒருத்தங்க டைடாக்டிக்னு எழுதியிருக்காங்க. அதைப் பெரும்பாலும் குறையாத்தான் சொல்லுவாங்க. கேக்காமலே உபதேசம் பண்ற ஆளைச் சொல்ற வார்த்தை அது. அவங்க மனசுல ஏதோ இருக்கு. வியாழக்கிழமை நானே வந்து எல்லார்கிட்டயும் பேசறேன்."

அகராதியை இன்னும் இரண்டு வரி கீழே படித்திருக்கலாம். போகட்டும், சொல் தெரியாமல்தானே சிக்கல், சொல்லிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று பொறுப்பாளர் முடிவு கட்டினார். புதன்கிழமை மத்தியானம் இயந்திரங்களை நிறுத்தி, முப்பத்திரண்டு பேரையும் கூட்டி, கையில் சாக்பீஸோடு நின்றார்.

"விவரம் தந்தா இன்ஃபர்மேட்டிவ். பட்டுத் தெரிஞ்சுக்கிட்டா, அந்த அனுபவம் இன்ஸ்ட்ரக்டிவ். இருட்டா இருந்த மண்டையில வெளிச்சம் வந்தா என்லைட்டனிங். கேக்காதவனுக்கும் புத்தி சொன்னா டைடாக்டிக். புரியுதா?"

பேக்கிங் அக்கா கையைத் தூக்கினாள். "சார், எங்களுக்கு அந்தத் தீ வகுப்பு..."

"கேள்வியெல்லாம் கடைசியில."

கடைசி வந்தபோது வீட்டுக்குப் போகும் மணி அடித்துவிட்டது.

வியாழக்கிழமை வந்த அதிகாரியம்மா, பொறுப்பாளர் அறையில் உட்கார்ந்து முதலில் பேக்கிங் அக்காவைத்தான் கூப்பிட்டார்.

"வகுப்பு எப்படிம்மா இருந்தது? பயப்படாம சொல்லுங்க."

"நல்லாத்தான் இருந்துச்சு மேடம். ரெண்டு மணி நேரம் நின்ன கால்ல நின்னு சொல்லித் தந்தாரு. ஆனா புத்தி சொல்லிக்கிட்டே இருந்தாரு, வாயைத் திறக்க விடலை. அதான் டைடாக்டிக்."

அதிகாரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து ஸ்டோர்கீப்பர்.

"நீங்க என்ன கத்துக்கிட்டீங்க?"

"பட்டுத் தெரிஞ்சுக்கறது வேற, முன்னாடியே விவரம் தெரிஞ்சுக்கறது வேற மேடம். இவ்வளவு நாளா ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"தீ விபத்தைப் பத்தி இவ்வளவு அழகா யாரும் சொல்லி நான் கேட்டதில்லை," என்றார் அதிகாரியம்மா. அவர் மனம் இளகிவிட்டது. பைக்குள்ளிருந்து பதவி உயர்வு ஃபைலை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

பதினோரு வருடம் வீண்போகவில்லை என்று பொறுப்பாளருக்குக் கண் கலங்கியது. பெயர்ப்பலகை இருந்த இழுப்பறையை மெல்லத் தடவிக்கொண்டார்.

"அந்த ஆசிரியரை நம்ம ஒன்பது கிளைக்கும் அனுப்பணும். எங்க இருப்பார்?"

"எங்க இருந்தாலும் வரவழைச்சிடலாம் மேடம்."

அப்போது வாட்ச்மேன் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"சார், தீத்தடுப்பு வகுப்பு எடுக்கறவர் வாசல்ல நிக்கிறாரு. போன வாரம் வண்டி பழுதாகி வர முடியலையாம், இன்னிக்காவது வகுப்பை ஆரம்பிக்கலாமான்னு கேக்கறாரு."