கதவைச் சாத்தியதும் ஓடிய பேய்

ஓடுகிற ரயிலில் டிக்கெட் இல்லாமல் வந்த பேயை நடுவழியில் இறக்கிவிட்டவர் பேயோட்டி அமைதியார். இறங்கிய பேய் அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டதாம். சொன்னது அவரேதான். கேட்டவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அவரைப் பார்க்கத் தெருமுனை வரை வரிசையில் நின்றார்கள்.

அப்பேர்ப்பட்டவரை வீட்டுக்கே அழைத்துவந்த பெருமை மைத்துனருக்கு. மைத்துனருடைய தங்கை கணவர் ஒரு தச்சர். சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர். வந்த நாள் முதல் தட்டை வீசினார், கட்டிலை உதைத்தார். பார்க்க வந்த சொந்தங்களோ பதினேழு பேர். டிவி அலற, ஆளுக்கொரு பக்கம் உலுக்கி, "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்று பரீட்சை வைத்தார்கள். மண்டை உடையாதவனுக்கே வெறி பிடிக்கும். எல்லாரையும்விட உரக்கக் கேட்டவர் மைத்துனர்; பேய்தான் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டியவரும் அவரே.

அமைதியார் அத்தனை பேரையும் வெளியே அனுப்பினார். டிவியை அணைத்து, திரையை இழுத்து, கதவைச் சாத்தி, மெல்ல முணுமுணுத்தார். கால் மணி நேரத்தில் தச்சர் தூங்கிப்போனார். பேய் தச்சரின் கைக்கடிகாரத்தில் இருப்பதாகச் சொல்லி அமைதியார் அதைக் கழற்றிக்கொண்டார். மறுநாள் பேய் மோட்டார் சைக்கிளுக்குக் குடிபோனது, வண்டியும் போயிற்று. ரசனையுள்ள பேய். மூன்றாம் நாள், மாத்திரையை நிறுத்திவிட்டு, தச்சரைத் தன் குடிலில் ஒரு மாதம் சங்கிலியில் கட்டிவைக்கவேண்டும் என்றார். தங்கை அழுதாள். மைத்துனர் வேன் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

காயத்துக்குக் கட்டு மாற்ற வந்த நர்ஸம்மா வாசலிலேயே அவரை மறித்து, அமைதியாரிடம் சொன்னார். "சக்தி உங்க மந்திரத்துலதானே இருக்கு, ஐயா? நாங்க எல்லாரும் உள்ளயே இருக்கோம். டிவியும் ஓடட்டும். நீங்க ஓதுங்க."

அமைதியார் ஓதினார். டிவிக்கு மேலே கேட்கவேண்டுமே என்று தொண்டை கிழிய ஓதினார். தச்சர் எறிந்த தண்ணீர்க் குவளை அவர் நெற்றியில் போய் உட்கார்ந்தது. பேயோட்டி கட்டிலுக்கடியில் ஓடிப் புகுந்தார்.

பிறகு நர்ஸம்மா அவரையும் சேர்த்து எல்லாரையும் வெளியே தள்ளினார். டிவி அணைந்தது. தங்கை மட்டும் பேசாமல் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இது பலிக்கக்கூடாதே என்று மைத்துனர் கதவிடுக்கில் கண்ணை வைத்துக் காத்திருந்தார்.

பத்தே நிமிஷம். குறட்டை.

அடிபட்ட மூளைக்குச் சத்தமும் கூட்டமும் ஆகாது என்றார் நர்ஸம்மா; ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளிலேயே அது இருக்கிறதாம். தாளும் வீட்டில்தான் இருந்தது, டிவி ஆடாமலிருக்க அடியில் மடித்து வைத்தபடி.

தன்னுடைய நேற்றைய மந்திரம் இன்றைக்குத்தான் வேலை செய்கிறது என்றார் அமைதியார்.

வெளியே வந்த தங்கை கேட்டாள்: "குவளை பறந்தப்ப அது லீவுல இருந்துச்சா, ஐயா?"

கடிகாரமும் வண்டிச் சாவியும் அங்கேயே அமைதியார் மடியிலிருந்து வெளிவந்தன. எல்லாரும் மைத்துனரைப் பார்த்தார்கள். அவர் இன்னொரு தரம் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, தணிந்த குரலில் சொன்னார்:

"தூங்குறாருதான். மந்திரம் ஒண்ணும் இல்ல, நாம வாயை மூடினோம், அவ்வளவுதான். என் கண்ணாலயே பாத்தேன். இனிமேலாவது வாயை மூடிட்டு மூளையைத் திறப்போம்."