விஜயதசமியன்று நிற்க மறுத்த டிராக்டர்

பழைய வண்டிகளுக்கு ஒரே ஒரு வியாதிதான் உண்டு என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். கிளம்பாது. அவ்வளவுதான். கிளம்பிவிட்டால் ஆரோக்கியம், கிளம்பாவிட்டால் நோய். கிளம்பிய வண்டி நிற்காமல் போகவும் கூடும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வெயில் தாழ்ந்ததும் பத்திரமாக வீடு போய்ச் சேரச் சொல்லியிருப்பேன்.

இந்த நம்பிக்கையோடு நான் குடித்தனம் நடத்தியது ஒன்றிரண்டு வண்டிகளோடு அல்ல. அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் ஓர் அம்பாசிடர் கார், கூரையில்லாத ஒரு ஜீப், இரண்டு டிராக்டர்கள், ஒரு நெல் அடிக்கும் மெஷின், கிணற்று மேட்டிலிருந்து ஓய்வுபெற்று வந்த ஓர் ஆயில் இன்ஜின் எல்லாம் இருந்தன. எல்லாமே மற்றவர்கள் கைகழுவியவை. (என் மனைவி மல்லிகா இந்த வரிசையில் என்னையும் சேர்ப்பாள்.) மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே பேட்டரி. பல கோயில்களுக்கு ஒரே பூசாரி போவதைப்போல் அது முறை வைத்து ஒவ்வொரு வண்டிக்கும் போய்வரும்.

எனக்கு வேலை ஆம்பூரில், ஒரு ஷூ கம்பெனியில். தைத்து வரும் ஷூக்களைத் தூக்கிப் பார்த்து இது கோணல், அது சுருக்கம் என்று தள்ளிவைக்கும் உத்தியோகம். அங்கே கழித்துப் போடும் தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து வண்டிகளுக்கு வாஷர் வெட்டுவேன். தண்ணீர் ஒழுகினால் தோல், எண்ணெய் கசிந்தால் தோல், கதவு ஆடினால் தோல். மல்லிகாவின் தம்பி சேகர் ஒருமுறை டிராக்டரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: “மாட்டுக்குப் பதிலாத்தான் டிராக்டர் வந்துச்சுன்றாங்க. இது உள்ள பாதி மாடுதான் கீது மாமா.”

வெறும் வாயால் பேசுகிறவர்களுக்கு வண்டி பேசித்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கொள்கை. வண்டி பேசியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் ஒரே மகள் நித்யா ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி ஆபீசில் கணக்குப் பார்க்கிறாள். அதே ஆபீசில் வேலை செய்யும் பிரபு என்ற பையனைப் பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொல்லி, நான் யாரிடமும் சொல்லாமல் ஒரு வாரம் ஜீப்புக்கு அடியில் படுத்து யோசித்து, சரி என்றேன். பையனின் ஊர் கலவை. அவனுடைய அம்மாவுக்கு இதில் சம்மதம். அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அதிகம் பேச மாட்டார், சிரிக்கவே மாட்டார் என்று பிரபுவே எச்சரித்திருந்தான். “ஒருவாட்டி போய் வூட்டப் பாத்துட்டு வந்து சொல்றேன்” என்பதோடு நிறுத்திக்கொண்டாராம். விஜயதசமியன்று காலை வருவதாக ஏற்பாடு.

அந்த வாரம் முழுக்க நித்யா சரியாகச் சாப்பிடவில்லை. அதைப் பார்த்து மல்லிகாவும் சாப்பிடவில்லை. நான் மட்டும் சாப்பிட்டது குற்றமாகக் கருதப்பட்டது.

“இப்பவே சொல்லிட்டேன்” என்றாள் மல்லிகா. “அவங்க வந்து போற வரைக்கும் வண்டிப் பேச்சே எடுக்கக் கூடாது. கொட்டாய் பக்கம் திரும்பக் கூடாது. பொண்ணோட வாழ்க்க இது.”

“அவங்களே கேட்டா?”

“கேக்க மாட்டாங்க.”

“கேட்டா இன்னா பண்றது?”

“காது கேக்காதுன்னு சொல்லுங்க.”

முதல் நாள் ஆயுத பூஜை. வண்டிகளைக் கழுவித் துடைத்தேன். பூஜை நாளில் விளக்குக்கு எண்ணெய் தளும்பத் தளும்ப ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். குறைத்து ஊற்றினால் மல்லிகா முகம் சுளிப்பாள். எனக்கு அதே பக்தி பெரிய டிராக்டரின் மீது வந்துவிட்டது. காற்று உள்ளே போகும் குழாய்க்கு அடியில் டிராக்டருக்கு ஒரு கிண்ணம் இருக்கும். அதிலுள்ள எண்ணெயில் காற்றின் தூசி ஒட்டிக்கொள்ளும். இவ்வளவுதான் ஊற்றலாம் என்று கிண்ணத்தில் ஒரு கோடு உண்டு. ஷூவில் ஒரு நூலிழைக் கோணலைக்கூட விடாதவன் நான். அந்தக் கோடு என் கண்ணில் படாமல் இல்லை. நாளும் கிழமையுமாக இவ்வளவு கஞ்சத்தனம் ஆகாது என்று விளிம்பு வரை ஊற்றினேன். குழாயின் உச்சியில் இருந்த மூடியையும் பாலீஷ் போடுவதற்காகக் கழற்றி, பூஜையில் வைத்தேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். விஜயதசமி காலையில் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியைக் கிளப்பி நசுக்க வேண்டும். ஊரில் எல்லோரும் விடிந்ததும் நசுக்கிவிட்டார்கள். நான் மட்டும் காத்திருந்தேன். ஏன் என்று மல்லிகா கேட்டபோது, நல்ல நேரம் இன்னும் வரவில்லை என்றேன். நல்ல நேரம் கலவையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது.

பிரபுவும் அவன் அப்பா அம்மாவும் வந்தார்கள். பிரபுவின் அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில், கஞ்சி போட்டது அவர் முகத்துக்கா துணிக்கா என்று தெரியாத விறைப்போடு உட்கார்ந்தார். அவருடைய மனைவி சுற்றுமுற்றும் பார்த்துச் சிரித்தார். பையில் வாழையிலைப் பொட்டலம் ஒன்று தெரிந்தது. பூ. சம்மதம் என்றால் பெண்ணுக்கு வைத்துவிட்டுப் போவார்கள். இல்லையென்றால் அது அப்படியே பஸ் ஏறிவிடும். மல்லிகாவின் கண் அந்தப் பையை விட்டு அகலவில்லை.

மிக்சர் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“பின்னாடி கொட்டாயில ஏதோ வண்டிங்க நிக்குதாட்டம் கீதே?” என்றார் பிரபுவின் அப்பா. பேச்சுக்காகத்தான் கேட்டார். அந்த மனிதர் செய்த ஒரே தவறு அது.

எனக்குக் காது நன்றாகவே கேட்டது.

“வாங்க, வாங்க, வந்து பாருங்க! உங்க கண்ணு முன்னாடியே எலுமிச்சம்பழத்து மேல ஏத்திடலாம்!”

மல்லிகா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பின்னாலேயே வந்த சேகர் என் காதோரம் கேட்டான்: “மாமா, அவங்க பொண்ணு பாக்க வந்தாங்களா, டிராக்டர் பாக்க வந்தாங்களா?”

சந்தனம், குங்குமம், சாமந்தி மாலையோடு டிராக்டர் கல்யாண மாப்பிள்ளையாக நின்றது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினேன். ஒரே திருகில் பிடித்துக்கொண்டது! பிரபுவின் அப்பாவைப் பெருமையோடு பார்த்தேன். அவர் தலையை லேசாக அசைத்தார். என் வாழ்க்கையின் உச்சம் அதுதான். எவ்வளவு நேரம் நீடித்தது என்று கேட்டால், ஒரு தும்மல் போடுகிற நேரம்.

சத்தம் தானாக ஏற ஆரம்பித்தது. நான் ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை. குறைத்தேன், கூடியது. நிறுத்துகிற குமிழைப் பிடித்து இழுத்தேன், இன்னும் கூடியது. கீழே குதித்து டீசல் குழாயையே மூடினேன். டீசல் இல்லாமலும் ஓடியது! முதல் நாள் பக்தியோடு நான் ஊற்றிய எண்ணெயைக் காற்றோடு உறிஞ்சிக் குடித்து, இனி உன் டீசல் எனக்கு எதற்கு என்று ஓடிக்கொண்டிருந்தது. கியரில் போடாததால் நின்ற இடத்திலேயே நின்று குதித்தது. புகை வெள்ளையாகக் கிளம்பி, நீலமாகி, கறுப்பாகிக் கொட்டகையை நிறைத்தது. சாமந்தி மாலை அறுந்து சேகரின் கழுத்தில் போய் விழுந்தது.

அந்த நேரத்தில் ஒரு குடும்பத் தலைவன் என்ன செய்ய வேண்டும்? விருந்தாளிகளை அப்புறப்படுத்த வேண்டும், பெண்களைக் காக்க வேண்டும். “வெடிக்கப் போவுது! ஓடுங்க!” என்று கத்தினேன். கத்திவிட்டு, நான் சொன்னதை நானே முதலில் கடைப்பிடித்தேன். எங்கே ஓடினேன் என்பதுதான் இன்றுவரை ஆராய்ச்சிக்குரிய விஷயம். வெட்டவெளியில் வயல் இருந்தது, வீடு இருந்தது. நான் டிராக்டருக்குப் பக்கத்தில் நின்ற அம்பாசிடருக்குள் புகுந்து, கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றினேன். (ஒரு பக்கம் பாதிக்கு மேல் ஏறவில்லை. அந்தப் பக்கம் கையை வைத்து மறைத்துக்கொண்டேன்.)

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சேகர் எல்லோரையும் வைக்கோல் போருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தான். பிரபு தன் அம்மாவை மறைத்து நின்றான். பிரபுவின் அப்பா மட்டும் நகரவில்லை. பயத்தில் கால் வரவில்லையா, கௌரவம் தடுத்ததா தெரியவில்லை. கரி அவர்மீது படிந்துகொண்டே இருந்தது.

அப்போது சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு நித்யா வந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, கையில் எவர்சில்வர் தட்டில் காபி டம்ளர்கள். கூப்பிட்ட பிறகு, தலை குனிந்து, மெதுவாக வர வேண்டிய பெண். விறுவிறுவென்று வந்தாள். துணி துவைக்கும் கல்லின் மேல் டம்ளர்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். காபி சிந்தாமல். புகைக்குள் நுழைந்தாள். காலித் தட்டைக் கவிழ்த்து, மூடியில்லாமல் திறந்துகிடந்த அந்தக் காற்றுக் குழாயின் வாயில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினாள்.

நான் காருக்குள் இருந்து கத்தினேன். எனக்கே கேட்கவில்லை.

டப்பென்று தட்டு குழாயோடு ஒட்டிக்கொண்டது. டிராக்டர் ஒருமுறை இருமியது, இன்னொருமுறை விக்கியது, உடம்பை உதறியது. நின்றுவிட்டது.

இன்ஜினுக்கு டீசல் சோறு மாதிரி, காற்று உயிர் மாதிரி என்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பல வருஷமாக நான் பிரசங்கம் செய்திருக்கிறேன். அந்த வீட்டில் அதைக் காதில் வாங்கியவள் அவள் ஒருத்திதான். நானும் வாங்கியதில்லை என்பது அன்றைக்குத் தெரிந்தது.

நான் இறங்கப் பார்த்தேன். அந்தக் காரின் கதவை வெளியிலிருந்து மட்டும்தான் திறக்க முடியும். பாதிக் கண்ணாடி வழியாகக் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது, தலை முதல் கால் வரை கறுத்துப்போன ஒரு மனிதர் வந்து கதவைத் திறந்தார். பிரபுவின் அப்பா.

“உள்ள இன்னா பண்றீங்க?” என்று கேட்டார்.

“ஸ்பானர் தேடினேன்.”

அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

“கெடச்சுதா?”

“இல்லீங்க.”

முகம் கொஞ்சமும் மாறாமல், எனக்கு இறங்க வழிவிட்டு நகர்ந்து நின்றார். மல்லிகா துவைக்கிற கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பூ பஸ் ஏறப்போகிறது என்று எனக்கும் உறுதியாகிவிட்டது. வண்டிகள் எல்லாவற்றையும் அன்றைக்கே எடைக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். போட்டு என்ன? நித்யா தன் கையைப் பார்த்தபடி நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிரபுவின் அம்மா அவளிடம் போனார்.

“கைய சுட்டுக்கினியாம்மா? காட்டு.”

“இல்லத்தே” என்றாள். சொன்ன பிறகுதான், அத்தை என்று கூப்பிட இன்னும் உரிமை வரவில்லை என்பது நினைவுக்கு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அந்த அம்மா அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். சிவந்திருந்தது. ஊதினார். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்தார். அவர் துண்டால் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணைச் சுற்றி இரண்டு வெள்ளை வட்டம்.

“இன்னாங்க, ஊருக்குப் போய் யோசிச்சு சொல்லணுமா?”

“நீ வெச்சுடு” என்றார் அவர்.

அந்த அம்மா வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, நித்யாவின் கரி படிந்த தலையில், இருந்த பூவுக்கு மேலேயே அந்தப் பூவை வைத்தார். மல்லிகா அழுகையை நிறுத்தாமலேயே எழுந்துபோய்க் குங்குமம் எடுத்துவந்தாள். அத்தனை பேரும் நின்றபடியே காபி குடித்தோம். ஆறிப்போயிருந்தது, மேலே கரி மிதந்தது. யாரும் ஊதி ஒதுக்கக்கூட இல்லை.

போன் உள்ளே சார்ஜில் கிடந்ததால் இதில் எதையும் வீடியோ எடுக்க முடியவில்லை என்பது சேகரின் தீராத துக்கம். அதற்குப் பதிலாக விசேஷ வீடுகளில் நடித்துக் காட்டுகிறான். கண்ணாடி ஏற்றுகிற கட்டத்துக்குக் கூட்டம் சேரும். எங்கள் வீட்டில் யாராவது எதற்காவது பயந்து பின்வாங்கினால் “ஸ்பானர் தேடப் போறான்” என்பார்கள். சம்பந்தி ஒவ்வொரு முறை வரும்போதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், அதே கஞ்சி போட்ட முகத்தோடு, “கெடச்சுதா?” என்று கேட்பார். அவர் சிரிப்பது அப்படித்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாளாயிற்று.

நான் மட்டும் இன்னொரு கதையைப் பரப்பிவந்தேன். என் வண்டிகளின் மிடுக்கைப் பார்த்துத்தான் அவர் மனம் மாறினார் என்று கம்பெனியில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தேன். போன மாதம் சாப்பிடும்போது மாப்பிள்ளையிடமும் சொன்னேன். பிரபு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

“இல்ல மாமா. அப்பா அன்னிக்கு வேணான்னு சொல்லிட்டு வரத்தான் கெளம்பினாரு. வண்டிங்களப் பாத்ததும் அது உறுதியாப்போச்சாம். நித்யா டம்ளருங்கள எறக்கி வெச்சத பாத்துட்டுதான் மாத்திக்கினாரு.”

அந்த டிராக்டர் இன்ஜின் உள்ளே வெந்துபோய்விட்டது. பிறகு கிளம்பவே இல்லை. கல்யாணம் தை மாதம் கலவையில் நடந்தது. ஊர்வலத்துக்கு வாடகைக்குக் கார் எடுத்தோம்.