பெட்டகத்தில் ஏழாம் பதிப்பு எழுந்தருளிய வரலாறு

தீயைக் கண்டுபிடித்தவரை உலகம் கொண்டாடுகிறது. அந்தத் தீ அணைந்துவிடாமல் மூலையில் உட்கார்ந்து காவல் காத்தவரை யாரும் கண்டுகொள்வதில்லை. அப்பேர்ப்பட்ட காவல் மரபின் கடைசிக் கொழுந்து ஒன்று, குழாய் தயாரிக்கும் கம்பெனியில் கிடங்கு மேலாளராக வேலை பார்த்துக்கொண்டு, ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் மனைவி மகளோடு குடியிருந்தது.

வீட்டில் அவருக்கு 'நிர்வாகி' என்று பெயர். படங்களைச் சேமிக்க அவர் வாங்கி வைத்திருந்த பெட்டகத்தைத் திறந்தால், கம்ப்யூட்டர் திரையில் 'நல்வரவு, நிர்வாகி' என்று வரும். ஆபீசிலோ, சொந்தபந்தத்திலோ யாரும் அவரை இத்தனை மரியாதையாக வரவேற்றதில்லை. பட்டத்தை அவர் நிரந்தரமாகவே ஏற்றுக்கொண்டார்.

பெட்டகம் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் வீற்றிருந்தது. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். பின்னால் சளி பிடித்ததுபோல் இரையும் ஒரு விசிறி. மனைவியும் மகளும் போனில் எடுக்கிற படம், வீடியோ எல்லாம் பதினோரு வருடமாகத் தானாகவே அதில் போய் விழுந்துகொண்டிருந்தன. விழுந்தது எதுவும் திரும்ப எழுந்ததாக வரலாறு இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை திரையில் சிவப்பு எழுத்து வந்தது. பெட்டகத்தில் ஓடுவது நான்காம் பதிப்பு மென்பொருள்; அதற்கான பாதுகாப்பு ஆறு வருடத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டுவிட்டது; யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம்; உடனே ஏழாம் பதிப்புக்கு மாறவும். இதே எச்சரிக்கை ஆறு வருடமாக வந்துகொண்டுதான் இருந்தது. 'பிறகு நினைவூட்டு' என்ற பொத்தானை அழுத்துவதை நிர்வாகி ஒரு கொள்கையாகவே கடைப்பிடித்து வந்தார். இந்த முறை அந்தப் பொத்தானைக் காணவில்லை.

சாப்பாட்டு மேஜையில் அவசரக் கூட்டம் கூடியது. பிசியோதெரபிஸ்டான மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததால் நின்றபடியே கலந்துகொண்டாள். பதினாலு வயது மகள் தோசையோடு கலந்துகொண்டாள்.

"நாலுலேருந்து நேரா ஏழுக்குத் தாவ முடியாது. அஞ்சைத் தொட்டு, ஆறைத் தாண்டி, அப்புறம்தான் ஏழை அடையணும்" என்றார் நிர்வாகி.

"ஏழை ஆகறதுக்கு இவ்ளோ கஷ்டப்படணுமாப்பா?" என்றாள் மகள்.

"சிரிக்காதே. நடுவுல கரண்ட் போச்சுன்னா எல்லாம் போச்சு. உன் பதினோரு வருஷமும் அம்போ."

மனைவி கைப்பையை மூடினாள். "ஏங்க, இன்னொரு பிரதி எடுத்து வெச்சிருக்கீங்கல்ல?"

"பின்ன? எல்லாத்துக்கும் ரெண்டு பிரதி இருக்கு."

"ரெண்டாவது எங்க இருக்கு?"

"பக்கத்து டிஸ்க்குல."

"அது எங்க இருக்கு?"

"அதே பெட்டியிலதான்."

மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கழுத்து பிடித்துக்கொண்டு வருகிறவர்களை அவள் அப்படித்தான் பார்ப்பாள். "வீடு பூட்ட ரெண்டு சாவி வாங்கி, ரெண்டையும் பூட்டுலயே தொங்க விட்டாப்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கூட்டம் ஒருமனதாகக் கலைந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் திருப்பணி தொடங்கியது. முன்னதாக ஆணை பிறப்பிக்கப்பட்டது: மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர் ஆகியவை மறு உத்தரவு வரும்வரை தடை செய்யப்படுகின்றன. மகள் ஈரத் தலையோடு சுற்றி வந்தாள்.

ஐந்தாம் பதிப்பு சமர்த்தாக ஏறியது. ஆறாவது இருமிக்கொண்டே ஏறியது. ஏழாவது அறுபத்து மூன்று சதவீதத்தில் நின்றுவிட்டது. 'தயவுசெய்து அணைக்க வேண்டாம்' என்றது திரை. பன்னிரண்டு மணிக்கும் அறுபத்து மூன்று. ஒன்றரைக்கும் அறுபத்து மூன்று. விசிறியின் இரைச்சலும் நின்றது.

நிர்வாகி செருப்புகளுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். போய்விட்டால்? உள்ளே இருந்தவற்றில் ஒரு படத்தையாவது மனக்கண்ணில் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. 'குடும்பம், இறுதி', 'குடும்பம், உண்மையான இறுதி' என்று தான் பெயரிட்ட ஃபோல்டர்கள்தான் வரிசையாக வந்து நின்றன.

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, நாலாம் வகுப்புல நான் வாத்து வேஷம் போட்டேனே, அதுவும் இதுக்குள்ளயா?"

"ஆமா. பத்திரமா இருக்கு."

"பார்த்திருக்கீங்களா?"

"எடுத்து எடுத்துப் பார்த்தா டிஸ்க் தேய்ஞ்சிடும்மா."

மகள் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

இரண்டே காலுக்கு விசிறி மறுபடி இரைந்தது. அறுபத்து மூன்று, ஒரே மூச்சில் நூறானது. 'நல்வரவு, நிர்வாகி. ஏழாம் பதிப்புக்கு வாழ்த்துகள். படங்கள் யாவும் பத்திரம். அனுமதியில்லாத கதவு ஒன்று மூடப்பட்டது.' நிர்வாகியின் கண் கலங்கியது. மிக்ஸி மீதான தடையை அவரே தம் வாயால் நீக்கினார்.

அடுத்த கால் மணி நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், கையில் டிவி ரிமோட்டோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பக்கத்துக் கட்டடத்தில் குடியிருக்கும், ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். நிர்வாகியைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தவர் மனைவியைக் கண்டதும் மலர்ந்துபோனார்.

"அம்மா, நீங்க இந்தக் கட்டடம்தான்னு தெரியும். உங்க சேனல் திடீர்னு நின்னுபோச்சும்மா."

"எங்க சேனலா?"

"நாலு வருஷமா பாக்கறேன். விளம்பரமே கிடையாது. என் தங்கச்சி பொண்ணு வந்து டிவியை மாட்டினப்போ, வைஃபை ஏதோ ஒண்ணு வந்துச்சு. ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும் வரிசையா அடிச்சா, திறந்துடுச்சு. உங்க வீட்டு வீடியோவா வரிசையா ஓட ஆரம்பிச்சுது. அதுலேருந்து தெனம் உங்க முகத்துலதான் முழிக்கறேன்."

மனைவி மெதுவாகக் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "பாஸ்வேர்ட் ஒண்ணுலேருந்து எட்டா?"

"எட்டு எழுத்து இருக்கணும்னு விதி" என்றார் நிர்வாகி ஈனக் குரலில்.

பெரியவருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "பாப்பா சைக்கிள் கத்துக்கற இடம்மா! நேரா சுவத்தைப் பாத்துப் போறா, அங்க நின்னுபோச்சு. மோதினாளா இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க, சாப்பாடு இறங்கல."

"மோதினேன் தாத்தா. முன்பல் ஒண்ணு போச்சு" என்றாள் மகள்.

"அடடா! அழுதியா?"

"இல்ல. அம்மாதான் அழுதாங்க."

"அழுவாங்க, அழுவாங்க. இளகின மனசு. நீ ஆஸ்பத்திரியில படுத்திருந்த வாரமெல்லாம் அவங்களைப் பாக்க முடியல" என்ற பெரியவர், அப்போதுதான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவரைக் கவனித்தார். மேலும் கீழும் பார்த்தார். "இவரு யாரு? புதுசா வந்திருக்காரா?"

"நான் இந்தப் பொண்ணோட அப்பாங்க."

பெரியவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "குரல்! அந்தக் குரல்! பாப்பா கூப்பிடறப்பெல்லாம் உள்ளேருந்து 'இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்'னு ஒரு சத்தம் மட்டும் கேக்கும். ஆளு வரவே மாட்டாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி, அந்த வீட்டுல ஏதோ பேய் இருக்குன்னுல்ல நெனச்சேன்!"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மனைவி பெரியவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சேச்சே, பேயெல்லாம் இல்ல சார்" என்றாள். "பேயா இருந்தா ராத்திரியிலயாவது வெளியில வந்திருக்கும்."