ஐந்தரை மணி நிபந்தனை

மாலை 5.30. நிமிடம் பிசகாமல் சொல்ல முடியும். அந்த நேரத்தைக் கணினியில் அடித்துவைத்தவனே நான்தான். (இன்றும் எங்கள் வீட்டில் யாராவது வர நேரமானால், மற்றவர்கள் முதலில் என் தலைமுடியைத்தான் பார்க்கிறார்கள்.)

மகள் கயல் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு பஸ்ஸில் போய்க் கல்லூரியில் படிக்கிறாள். அவள் வீடு திரும்பும்வரை நான் ஆபீஸில் போனை முறைத்துக்கொண்டிருப்பேன். பஸ் ஐந்து நிமிடம் தாமதித்தால், என் மனதுக்குள் மூன்று தடவை கவிழ்ந்திருக்கும். தொல்லை தாங்காமல் அவளே எனக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தாள்.

"இஃப்னா, இது நடந்தா இதைச் செய். எல்ஸ்னா, நடக்கலைன்னா அதைச் செய். அவ்ளோதாம்ப்பா."

அவ்வளவுதான் என்று நானும் நம்பினேன். நான்கு மணியிலிருந்து ஐந்தரைக்குள் கயலிடமிருந்து செய்தி வந்தால், சும்மா இரு. வராவிட்டால், சொந்தக்காரர்கள் குழுவுக்கு 'கயலைக் காணோம்' என்று அனுப்பு. எழுதி முடித்த பெருமையில் போனை மேஜை இழுப்பறைக்குள் போட்டேன். இனி பயப்படுவது கணினியின் வேலை.

மூன்றாம் நாள் ஐந்தரைக்கு இழுப்பறை அதிர்ந்தது. போனை எடுத்துப் பார்த்தால், குழுவில் என் பெயரிலேயே 'கயலைக் காணோம்'. நான் எழுதிவைத்த வாக்கியத்தை நானே நம்பிவிட்டேன். அவளுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மனைவியோ அந்த வாரம் திருமழபாடியில், தாய்வீட்டில்.

பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் பஸ் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினேன்.

"டிக்கெட் எங்க சார்?" என்றார் ஒரு கண்டக்டர்.

"எம்பொண்ணு எங்க சார்?" என்றேன் நான்.

வீட்டு வாசலில் அடுத்த தெருச் சித்தப்பா நின்றார். கண்ணில் நீர், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். (வெறுங்கையோடு ஒரு வீட்டுக்கு எப்படி வருவதாம்?) கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினோம். கயல் கண்ணைக் கசக்கிக்கொண்டு திறந்தாள்.

"மத்தியானமே லீவு விட்டுட்டாங்கப்பா. ஒரு மணிக்கே வந்துட்டேன்னு மெசேஜ் போட்டேனே, பாக்கலையா? சைலண்ட்ல போட்டுட்டுத் தூங்கிட்டேன்."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பஸ் பழுதாகலாம், மழை கொட்டலாம் என்றெல்லாம் யோசித்தவனுக்கு, பிள்ளை சீக்கிரமே பத்திரமாக வந்துவிடலாம் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. நான்கு மணிக்கு முன் வந்த செய்தி என் நிரலின் கணக்கிலேயே இல்லை. கணினி என் பயத்தை எனக்கே படித்துக் காட்டியிருந்தது.

கடைசியாக, கீழப்பழுவூரிலிருந்து அக்கா வந்து இறங்கினாள். கயலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு என் தலையையே உற்றுப் பார்த்தாள்.

"புள்ள கெடச்சா எந்தம்பி மொட்டை போடுவான்னு செட்டிகுளம் முருகனுக்கு வேண்டிக்கிட்டேன்டா."

"அத்தை, நான் காணாமலே போகலையே! இஃப்பே பொய்யாயிடுச்சு. வேண்டுதல் செல்லாது" என்றாள் கயல்.

அக்கா அவளைப் பார்க்கவேயில்லை.

"அதெல்லாம் ஒங்க கம்ப்யூட்டர்ட்ட வச்சுக்கங்க. புள்ள கண்ணு முன்னாடி நிக்குதுல்ல? வெள்ளிக்கிழமை மொத பஸ்சு. கெளம்பி நில்லு."