தேனப்பனுக்குப் பதில் கோவர்த்தனம்

ஒரு காட்டில் தேனப்பன் என்றொரு கரடி இருந்தது. கரடி என்றாலும் அது நடிகர். ஆகவே 'இருந்தார்' என்றே வைத்துக்கொள்வோம். நடிகர்களுக்கு இந்த மாதிரி விஷயத்தில் சட்டென்று மனசு புண்பட்டுவிடும்.

இருபது வருஷம் சினிமாவில் அவருக்கு ஒரே வேஷம். சண்டையெல்லாம் முடிந்து வில்லன் மூச்சுவாங்கிக் கிடக்கும்போது ஜீப்பில் வந்து இறங்கும் இன்ஸ்பெக்டர். "யாரும் அசையாதீங்க!" என்பதற்கு மேல் வசனம் கிடையாது. அசைய அங்கே யாருக்கும் தெம்பும் இருக்காது. அந்த வாய்ப்பும் வற்றியபோதுதான் டி.வி. கூப்பிட்டது. 'புற்றுக்குள் புதுமணம்' தொடரில் மூன்று வருஷமாகக் கதாநாயகி மானுக்கு அப்பா. கரடிக்கு எப்படி மான் மகளாகப் பிறந்தாள் என்று ஒரு ஜீவனும் கேட்கவில்லை. தேனப்பன் கண் கலங்கினால் காடே மூக்கைச் சிந்தியது.

அந்தப் பெயரில்தான் அவருடைய சொந்த மகள் வள்ளிக்கண்ணுவுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளையின் தாய் சௌந்தரவல்லி, பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணைப் பார்க்கவே இல்லை. தேனப்பனையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்படி ஒரு அப்பா வளர்த்த பொண்ணு. இதுக்கு மேல என்னத்த விசாரிக்கிறது?" என்று அன்றைக்கே தட்டை மாற்றிவிட்டாள்.

கல்யாணம் புதன்கிழமை. நான்கு நாள் லீவு கேட்டு, தொடர் எடுக்கும் கம்பெனியின் வரிசையில் போய் நின்றார் தேனப்பன். கவுன்டரில் ஆமை. படிவத்தை மூன்று நகல் வாங்கி, மூன்றையும் தனித்தனியாகப் படித்தது.

"காரணம், மகள் கல்யாணம்னு போட்டிருக்கீங்க. எந்த மகள்?"

"எனக்கு ஒரே மகள்தான் சார்."

"அவளுக்கு இன்னும் நிச்சயமே ஆகலையே. இப்பத்தான் விஷம் வச்ச பாயசத்தைக் கையில எடுத்திருக்கா. குடிக்க இன்னும் ரெண்டு வாரம் ஆகும்."

"அது மான் சார். நான் சொல்றது நான் பெத்த மகள்."

"பெத்ததா? அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே" என்றது ஆமை. ஆனாலும் நல்ல ஆமை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் ஏழரை மணி. பாயசம் உதட்டருகே போகும்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு காட்டுப்பன்றி வந்து, "அம்மாடி!" என்றது. மான், "அப்பா!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். டி.வி. திரையின் அடியில் மூன்று விநாடி எழுத்து ஓடியது: 'இனி தேனப்பனுக்குப் பதில் கோவர்த்தனம்.' பந்தல், பத்திரிகை என்று அலைந்த தேனப்பன் அதைப் பார்க்கவில்லை. காடு பார்த்தது.

புதன்கிழமை மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள் சௌந்தரவல்லி.

"எங்க சம்பந்தி எங்க?"

"நான்தான் சம்பந்தியம்மா."

"நீங்க பழைய அப்பா. திங்கக்கெழமையே மாத்திட்டாங்களே, பாக்கலையா?"

தேனப்பனுக்கு வேலை போனதுகூட அப்புறம்தான் உறைத்தது. பெற்ற மகளைத் தன் கையால் தாரை வார்க்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம்தான் முதலில் வந்தது. அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். சௌந்தரவல்லி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது போன வருஷம் குடுத்தது. மாத்துனது இந்த வாரம்."

மாப்பிள்ளை வீட்டார் கோவர்த்தனத்துக்கே போன் போட்டார்கள். "ஷூட்டிங்ல இருக்கேன், லீவு கேக்க முடியாது. கேட்டா என்ன ஆகும்னு தேனப்பன் அண்ணனையே கேட்டுப் பாருங்க" என்று வைத்துவிட்டது பன்றி.

"முகூர்த்தம் தப்பிடும். அப்பா ஸ்தானத்துல யாராவது வந்து உக்காருங்கோ" என்று புகையில் இருமியது புரோகிதர் கொக்கு.

வள்ளிக்கண்ணு அப்பாவைப் பார்த்தாள். அந்த முகத்தை அவளால் தாங்க முடியவில்லை. மணையிலிருந்து எழுந்தாள். தாம்பூலப் பை வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, லிப்ஸ்டிக்கால் கொட்டை எழுத்தில் எழுதி, மண்டபம் முழுக்கத் தெரிகிறாற்போல மூன்று விநாடி தூக்கிப் பிடித்தாள்: 'இன்று மட்டும் கோவர்த்தனத்துக்குப் பதில் தேனப்பன்.'

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றாள் சௌந்தரவல்லி. மண்டபமே தலையாட்டியது.

தேனப்பன் மணையில் உட்கார்ந்தார். மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தாரை வார்த்தார். அடக்கி வைத்திருந்தது உடைந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். இருபத்து மூன்று வருஷத்தில் அவர் கிளிசரின் போடாமல் அழுதது அதுதான் முதல் தடவை.

முன்வரிசையில் சௌந்தரவல்லி பக்கத்து நாற்காலி முயலிடம் குனிந்தாள். "பரவால்ல, ஏதோ சமாளிக்கிறார். அழுகைதான் கொஞ்சம் ஓவர். கோவர்த்தனம்னா கண்ணுலயே முடிச்சிருப்பார்."

அது தேனப்பன் காதில் விழுந்தது. அழுகை சட்டென்று நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டார், மீசையைச் சரிசெய்துகொண்டார். மாப்பிள்ளையின் கையிலிருந்து மகளின் கையை மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டு, கொக்கின் பக்கம் சாய்ந்தார்.

"சாமி, இன்னொரு டேக் போயிரலாமா?"

நீதி: பெற்ற அப்பாவே ஆனாலும், ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் மணமேடை ஏற வேண்டும்.